பர்னபாஸ் தண்டலை எழுப்பிய கடிகாரம்

புன்னைத்துறையில் பர்னபாஸ் தண்டல் ஒரு நாள் மத்தியானம் சாளை மீன் குழம்பும் சோறும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய தோணிக்காக நாலரைக்குக் கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொண்டு, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தவர் பதினோரு வருஷமாக எழுந்திருக்கவில்லை என்பதில் அந்த ஊரில் யாருக்கும் ஆச்சரியம் மிச்சம் இல்லை. கடலுக்குப் போய்ப் பிழைக்கிற ஊரில் ஒரே விஷயத்துக்குப் பதினோரு வருஷம் வாயைப் பிளந்துகொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது. தோணியை நடத்திப் போகிறவரைத் தண்டல் என்பார்கள். தோணி அன்றைக்கு அரை மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, வேறு ஒருவரைத் தண்டலாக ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டது.

முதல் வாரம் ஊரே கூடி எழுப்பிப் பார்த்தது. உலுக்கினார்கள், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள், கோயில் மணியை நிறுத்தாமல் அடித்தார்கள், திருவிழாவுக்கு வாங்கி வைத்திருந்த வெடியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கொளுத்தினார்கள், தெருவில் இருந்த அலாரக் கடிகாரங்களையெல்லாம் வாங்கிவந்து காதோரம் வரிசையாக வைத்தார்கள். தண்டல் ஒரு தடவை புரண்டு படுத்தார், அவ்வளவுதான். டவுனிலிருந்து வந்த பெரிய டாக்டர் நாடியைப் பிடித்து, கண்ணைப் பிரித்துப் பார்த்து, இது ஆரோக்கியமான தூக்கம் என்று சீட்டில் எழுதி, சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சோறு தண்ணீர் இல்லாமலே தண்டல் இளைக்கவில்லை, கறுக்கவில்லை. தாடி வளர்ந்தது, நகம் வளர்ந்தது, மார்பு ஏறி இறங்கியது.

அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. மாதத்தின் முதல் சனிக்கிழமை நாவிதர் வந்து படுத்த வாக்கிலேயே முடிவெட்டிச் சவரம் செய்துவிட்டுப் போனார். ஈஸ்டருக்கு ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். ரேஷன் கார்டில் அவர் பெயர் அப்படியே இருந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் அவருடைய ஓட்டை யாரோ ஒருவர் தவறாமல் போட்டுவிட்டார். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் ரொம்ப நேரம் யோசித்து, விடுப்பில் இருக்கிறார் என்று எழுதினார். கடலுக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள், ஏனென்றால் தண்டல் வடக்கே திரும்பிப் படுத்தால் வாடை கிளம்பியது, தெற்கே திரும்பினால் சோழகக் காற்று அடித்தது, மல்லாந்து படுத்துவிட்டால் அன்றைக்கு யாரும் வள்ளத்தைத் தள்ளவில்லை. வானிலை அறிக்கை இரண்டு தடவை தப்பியிருக்கிறது. தண்டல் ஒரு தடவையும் தப்பியதில்லை.

ஊர் பழகிக்கொள்ளலாம், பெண்டாட்டி எப்படிப் பழகுவாள்? செசிலிக்கு அப்போது இருபத்தெட்டு வயது, கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. பூ வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள், சாவு வீட்டுக்குப் போனால் இவளுக்கே துக்கம் விசாரித்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை பார்க்கிற அக்கா, இங்கே வந்துவிடு, உனக்கும் வேலை இருக்கிறது, பிள்ளையும் படிக்கும் என்று வருஷா வருஷம் கூப்பிட்டாள். நாத்தனாரும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றுதான் சொன்னாள். ஆனால் உயிரோடு வீட்டில் படுத்திருக்கிற புருஷனை அவன் வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டுப் போக செசிலியால் முடியவில்லை. போகட்டுமா, இருக்கட்டுமா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

தண்டல் வீட்டுத் தெருப் பக்கமே போகாத ஆள் புன்னைத்துறையில் ஒருவர்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் குறுக்கே கையை நீட்ட முடியாத அகலத்தில் கடை வைத்திருந்த வாட்ச் ரிப்பேர் வேதமாணிக்கம். கோயிலுக்குப் போவதென்றாலும் கடற்கரையைச் சுற்றிக்கொண்டு மணலில் கால் புதையப் புதையப் போவார். மூட்டுவலிக்கு மணல் நல்லது என்று கேட்கிறவர்களிடம் சொல்லுவார்.

விஷயம் இதுதான். தண்டல் தூங்கிப் போவதற்கு நாலு நாள் முன்னால் தன் வாட்சைத் துடைத்து எண்ணெய் போட வேதமாணிக்கத்திடம் கொடுத்திருந்தார். கொழும்பில் வாங்கியது, கையில் கட்டுகிற வாட்சிலேயே அலாரம் அடிக்கும். அந்த ரகத்துக்கு இரண்டு வயிறு. ஒரு வயிற்றில் இருக்கிற ஸ்பிரிங் முள்ளை ஓட்டும், இன்னொரு வயிற்றில் இருக்கிற ஸ்பிரிங் சின்னச் சுத்தியலைப் பின்மூடியில் அடிக்க வைக்கும். அதே நாள் துறைமுக ஆபீஸ் பெரிய அதிகாரி ஒருவர் அதே ரக வாட்சோடு வந்து நின்றார். அலாரம் ஸ்பிரிங் உடைந்துவிட்டது, காலையில் வேண்டும் என்றார். ஸ்பிரிங் கைவசம் இல்லை. ஒருவர் வாட்சிலிருந்து எடுத்து இன்னொருவர் வாட்சில் மாட்டிவிட்டு, மெட்ராஸிலிருந்து சாமான் வந்ததும் சத்தமில்லாமல் போட்டுக் கொடுப்பது ரிப்பேர்க்காரர்களுக்குள் திருட்டில் சேராது, கைமாற்று என்று அதற்குப் பெயர். வேதமாணிக்கம் தண்டலின் அலாரம் ஸ்பிரிங்கை உருவி அதிகாரிக்கு மாட்டினார். சாவி கொடுக்கும்போது விரலுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று, அதிகாரியின் உடைந்த ஸ்பிரிங்கில் ஒரு துண்டைத் தண்டல் வாட்சுக்குள் வைத்து மூடினார். சாவி கொடுத்தால் இறுகும், மணி அடிக்காது. கையில் கட்டுகிற வாட்சில் எவன் அலாரம் வைக்கப் போகிறான் என்று நினைத்தார். ஒரு வாரத்தில் வர வேண்டிய ஸ்பிரிங்குக்குப் பதிலாக, அந்த ரகமே நின்றுபோய்விட்டது என்று கடிதாசி வந்தது. அதற்குள் தண்டல் தூங்கிவிட்டார். ஒரு ஸ்பிரிங் இல்லாததற்காக ஒரு மனுஷன் தூங்கிக்கொண்டே இருப்பானா, அது ஏதோ வியாதி என்று வேதமாணிக்கம் தனக்குத் தானே பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நம்பினாரா என்றால், நம்புகிறவன் மணலில் சுற்றிக்கொண்டு போவானா?

ஒரு புதன்கிழமை காலை செசிலி கடை முன்னால் வந்து நின்றாள். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தாள். தண்டலின் வாட்ச் என்று வேதமாணிக்கத்துக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, இத ஒருக்கா பாருங்க. இத்தன வருஷமா அவிய கையிலயே கெடந்துச்சு. நேத்து அவிய ஒடம்பத் தொடைக்கும்போது சும்மா சாவி குடுத்தேன், ஓடுச்சு. சரி, அலாரமும் அடிக்குதான்னு முள்ளத் திருப்பி வச்சுப் பாத்தேன். அடிக்கல. மூணு தடவ வச்சேன், மூணு தடவையும் அடிக்கல."

"பழசுல்லாம்மா. எண்ணெ எறுகியிருக்கும்."

"அன்னைக்கு அவிய என்ன சொல்லிட்டுப் படுத்தாவ தெரியுமா? நீ எழுப்பாத, வாட்ச் எழுப்பும்னு சொன்னாவ. இம்புட்டு நாளும் அவிய காதுல விழலன்னுல்லா நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இதுல்லா அடிக்கல! ஊரே எழுப்புச்சு, இது மட்டும் எழுப்பல. இது எழுப்புனா எழும்பிருவாவ அண்ணாச்சி."

அவள் முகத்தில் பதினோரு வருஷத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது. வேதமாணிக்கத்தால் அதைப் பார்க்க முடியவில்லை.

"கடைசியா நீங்கதான தொடச்சுக் குடுத்தீய. அப்ப நல்லாத்தான இருந்துச்சு?"

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் ஒரு மனிதனுக்கு வாய்க்காது. கேள்வியையும் கேட்டு, பதிலுக்காக வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வேதமாணிக்கம் வாட்சைக் காதில் வைத்துக் கேட்பது போலப் பாவனை செய்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். "விட்டுட்டுப் போம்மா. பாத்துச் சொல்லுதேன்."

அவள் போனதும் கடையைப் பாதி சாத்திவிட்டு, கண்ணில் லென்ஸை மாட்டிப் பின்மூடியைத் திறந்தார். இரண்டாம் வயிற்றுக்குள் அவர் வைத்த துண்டு அப்படியே இருந்தது, துருகூடப் பிடிக்கவில்லை. தன் கை வேலையைத் தானே பார்த்து அவர் கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறி, ஓய்வு பெற்றுத் திருச்சியில் இருந்த அதிகாரியைத் தேடிப் போனார். அந்த வாட்ச் எப்போதோ கிணற்றில் விழுந்துவிட்டதாக அவர் சொன்னார். வேதமாணிக்கம் வெட்கத்தை விட்டு, கிணற்றில் ஆளை இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். கிணற்றையே மூடி வீடு கட்டியாகிவிட்டது என்றார்கள். மெட்ராஸில் சந்து சந்தாக அலைந்தார். கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் கடிதாசி போட்டார். கடைசியில் தூத்துக்குடியில் ஒரு பழைய இரும்புக் கடையில், வேறு ஏதோ வாட்சின் சேதமான எந்திரத்துக்குள் ஒரே ஒரு ஸ்பிரிங் கிடைத்தது, அதுவும் ஒரு மயிரிழை அகலம் அதிகம். பத்தொன்பது நாள் உட்கார்ந்து அதை எண்ணெய்ச் சாணைக்கல்லில் தேய்த்தார். கொஞ்சம் அழுத்தினால் ஒடியும், அழுத்தாவிட்டால் தேயாது. மூச்சை அடக்கிக்கொண்டு தேய்த்து, நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி தேய்த்தார். பாவத்தைத் தேய்த்துக் கரைத்துவிடலாம் என்று அந்தப் பத்தொன்பது நாளும் அவர் நம்பினார், பாவம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஸ்பிரிங்கை மாட்டி, மேசை மேலேயே முள்ளைத் திருப்பி வைத்துச் சோதித்தார். சில்வண்டு போல வாட்ச் கிறீச்சிட்டு அடித்தது. பதினெட்டு வினாடி அடித்து நின்றது. அடித்து ஓய்ந்த வேகத்தில் ஸ்பிரிங்கின் உள்நுனி கொக்கியிலிருந்து வழுக்கிவிட்டது தெரிந்தது. பரவாயில்லை, பிரித்து வளைத்து மாட்டலாம் என்று அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மூன்று தெரு தள்ளியிருந்து தண்டலின் பக்கத்து வீட்டு ரோஸ்லி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அவள் கொஞ்சம் புளி கேட்கத் தண்டல் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறாள். கட்டிலில் தண்டல் எழுந்து உட்கார்ந்து, "மணி நாலர ஆயிட்டா?" என்று கேட்டிருக்கிறார். இவள் வெலவெலத்துப்போய், "பதினொண்ணுதான் ஆவுது," என்று சொல்லியிருக்கிறாள். தண்டல் ஒன்றும் புரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி படுத்துவிட்டார். செசிலி அப்போது ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய்க்கு நின்றுகொண்டிருந்தாள். பதினோரு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அந்தப் பதினெட்டு வினாடிக்கு மட்டும் வீட்டில் இல்லை.

கடையில் வாட்ச் அடித்த நேரத்தையும் தண்டல் எழுந்த நேரத்தையும் சேர்த்துப் பார்த்து, மணி அடிக்கிற வரைக்கும்தான் விழிப்பு என்பதை ஊர் உடனே புரிந்துகொண்டது. ஆனால் வேதமாணிக்கத்துக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. வேறு வாட்சுக்குப் பிறந்த ஸ்பிரிங் இது. ஒவ்வொரு தடவை அடித்து முடிந்ததும் கொக்கியிலிருந்து கழன்றுகொள்ளும், பிரித்து, நுனியைச் சூடு காட்டி வளைத்து மாட்ட ஒரு வாரம் ஆகும், வளைக்க வளைக்க நுனி பலவீனப்படும், அடிக்கிற நேரமும் குறைந்துகொண்டே வரும். இன்னொரு ஸ்பிரிங் இந்த உலகத்தில் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவைதான் அடிக்கும் என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது.

முதல் ஞாயிறு செசிலிக்குத்தான். வீடு கொள்ளாத கூட்டம். தண்டல் எழுந்து, "நாலர ஆயிட்டா?" என்றார். அவள் ஆயிட்டு என்று தலையை ஆட்டினாள், அப்புறம் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது, அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே இருந்தாள். தண்டல் அவள் தலையைத் தொட்டு, "என்ன செசிலி, தல நரச்சிருக்கு?" என்று கேட்டார், படுத்துவிட்டார். இரண்டாவது ஞாயிறு அவள் வாயைத் திறப்பதற்குள் தண்டலின் தங்கச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, அம்ம போயிட்டாவண்ணே," என்று ஓலமிட்டாள். அம்மா செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. தண்டலின் உதடு கோணிக்கொண்டு வந்தது, முதல் தேம்பல் கிளம்பும்போது மணி நின்றுவிட்டது. மூன்றாவது ஞாயிறு அந்தத் தேம்பலின் மீதியோடுதான் எழுந்தார். பதினாறு வினாடியும் அழுதார். அந்த ஒரு வாரமும் அழுகை அவருக்குள் அப்படியே அடைபட்டுக் கிடந்தது என்று நினைத்து ஊரே தலையில் அடித்துக்கொண்டது.

அப்புறமாவது விட்டார்களா? ஆளாளுக்கு ஒரு அவசரம் இருந்தது. தண்டலின் தம்பி ரைமண்ட் மைப் பெட்டியும் சொத்துப் பத்திரமும் கொண்டுவந்து ஒரு ஞாயிறைப் பெருவிரல் ரேகையில் செலவழித்தான். வள்ளக்காரர்கள், தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்கத் தங்களுக்கும் ஒரு வாரம் வேண்டும் என்று கமிட்டியில் மனு கொடுத்தார்கள். ஒரு ஞாயிறு மகள் ஜெனோவாவுக்கு விட்டார்கள். பதின்மூன்று வயதுப் பெண், புதுத் தாவணியில் கூசிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். "யாரும்மா நீ?" என்றார் தண்டல். "ஜெனோவா," என்றாள். தண்டல் சிரித்தார். "நல்ல பேரு. எம் மவளுக்கும் அதான் பேரு," என்று சொல்லிக்கொண்டே படுத்துவிட்டார். அந்தப் பெண் அதற்குப் பிறகு அந்த அறைக்குள் வர மறுத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு ஃபாதர், இத்தனைக்கும் காரணமான வேதமாணிக்கத்தைத் தண்டல் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டு, அவரைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தி, வாட்சைச் சரிசெய்தவர் இவர்தான் என்று சூடம் கொளுத்தாத குறையாக ஒரு பிரசங்கம் ஆரம்பித்தார். மணி பதினோரு வினாடிதான் அடித்தது. தண்டல் வேதமாணிக்கத்தின் முகத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே படுத்தார்.

ஊர் வேதமாணிக்கத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியது. கடைக்கு மாலை வந்தது. திருப்பலியில் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். செசிலி வாரா வாரம் வாட்சை வாங்கப் பித்தளைத் தூக்கில் நண்டுக் குழம்போடு வந்தாள். "நீங்க இல்லன்னா நான் என்ன அண்ணாச்சி ஆயிருப்பேன்," என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பொய்க்குச் சாவி கொடுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா, நாற்பது வருஷமாக ஸ்பிரிங்கைத்தானே பார்க்கிறார்.

ஏழாவது தடவை பிரித்தபோது லென்ஸில் அது தெரிந்தது. உள்நுனி வளைவில், குறுக்காக, தலைமயிரைவிட மெல்லிய ஒரு கீறல். துடைத்துப் பார்த்தார், போகவில்லை. இன்னும் ஒரு தடவை அடிக்கும், ஒன்பது வினாடி வரலாம், அதற்கு மேல் உடைந்துவிடும். யாரிடமும் சொல்லாமல் நேரே செசிலி வீட்டுக்கு, பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கடற்கரையைச் சுற்றாமல், அந்தத் தெரு வழியாகவே போனார். கீறல் விஷயத்தைச் சொன்னதும் அவள் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள்.

"அப்ப இது எனக்கு," என்றாள். "கமிட்டியாவது மண்ணாவது. யாருக்கும் தெரிய வேண்டாம் அண்ணாச்சி. வியாழக்கெழம மத்தியானம் எல்லாரும் மீன் ஏலத்துக்குப் போயிருவாவ, அப்ப வாங்க."

வியாழக்கிழமை அவர் போனபோது ஜெனோவாவைத் தையல் வகுப்புக்கு அனுப்பியிருந்தாள். தண்டலுக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். தானும் தலை வாரி, ரொம்ப வருஷத்துக்குப் பிறகு மல்லிகைச் சரம் வைத்திருந்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் சொவத்துக் கடியாரத்தப் பாத்துச் சொல்லிப் பழகிட்டேன் அண்ணாச்சி. 'கோயம்புத்தூருக்குப் போவட்டுமா, இருக்கட்டுமா, ஒத்த வார்த்த சொல்லுங்க.' மூணு வினாடிதான் ஆவுது. மிச்சம் ஆறு இருக்கு. போன்னா போறேன், இருன்னா சாவுற வரைக்கும் இங்கயே இருக்கேன். எதுனாலும் எனக்குச் சம்மதம். அவிய வாயால கேட்டாப் போதும்."

"நான் வெளிய நிக்கட்டுமாம்மா?"

"கொக்கி வழுக்காமப் பிடிக்கணும்னு சொன்னீயளே. இருங்க. நீங்க எங்களுக்கு அந்நியமா?"

வேதமாணிக்கம் கட்டிலோரம் முழங்காலிட்டு, வாட்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டுக் குமிழை விரலால் அழுத்திப் பிடித்தபடி முள்ளைத் திருப்பினார். மணி அடித்தது. தண்டல் எழுந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை மணி என்ன என்று அவர் கேட்கவில்லை. எதிரே இருந்த வேதமாணிக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். போன தடவை ஃபாதர் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, "நீங்கதான வாட்ச சரி பண்ணுனது? நல்லா இருக்கணும், மகராசன்," என்றார்.

பதினோரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது, அந்தக் கும்பிடு பட்டதும் பொத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. வாயை மூடு, மூடு என்று அவருக்குள் ஒரு குரல் கதறியது அவருக்கே கேட்டது. வாய் நிற்கவில்லை.

"கும்பிடாதீங்க தண்டல், நாந்தான் கெடுத்தேன், நாந்தான் அந்த ஸ்பிரிங்க உருவி வேற ஆளுக்குப் போட்டேன், நாந்தான் உங்கள இப்படிப் படுக்க வச்சேன், என்ன மன்னிச்சேன்னு சொல்லுங்க, ஒத்த வார்த்த சொல்லுங்க…"

"அண்ணாச்சி!" என்று செசிலி அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். தண்டல் பக்கம் திரும்பினாள். "போவட்டு…" என்று ஆரம்பித்தாள்.

வேதமாணிக்கத்தின் உள்ளங்கைக்குள் ஏதோ துள்ளி ஒடிந்தது. சத்தம் நின்றது.

தண்டல் படுத்தார். கூப்பிய கை பிரியவில்லை. புருவம் சுருங்கி, இந்த ஆள் என்ன சொல்கிறான் என்று கேட்கிற மாதிரி ஆகிவிட்ட முகம் அப்படியே தூங்கிப்போனது. மன்னித்தாரா, கேட்டதாவது புரிந்ததா, அதை இனிமேல் யாரும் தெரிந்துகொள்ள முடியாது. வெளியே ஏலக்காரன் விலை கூவுகிற சத்தம் கேட்டது.

வேதமாணிக்கம் தரையில் தலை வைத்து அழுதார். அடிப்பாள், கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அப்படிச் செய்தால் நல்லது என்றுகூட இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது செசிலி புருஷனின் நெற்றிச் சுருக்கத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். நீவ நீவ அது மறுபடி மறுபடி சுருங்கியது.

"இதச் சொல்லணும்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "பதினோரு வருஷமா நான் முழிச்சுக்கிட்டுத்தான இருந்தேன்."